தேய்ந்த கம்பளத்தில் தொடங்கும் காதல்

ஹாலிவுட்டின் மௌனப்படக் காலத்தில் ஏழைப் பெண்ணும் பணக்கார இளைஞனும் காதலிக்கும் கதைக்குப் பஞ்சமே இருந்ததில்லை. 1927இல் மட்டும் அன்றைய உச்ச நட்சத்திரங்கள் இருவர் ஏறக்குறைய ஒரே கதையில் நடித்தார்கள். ‘இட்’ படத்தில் கிளாரா போ பல்பொருள் அங்காடி ஒன்றில் விற்பனைப் பெண். கடை முதலாளியையே தன் பக்கம் திருப்பிவிடுகிறாள். ‘மை பெஸ்ட் கேர்ள்’ படத்தில் மேரி பிக்ஃபோர்ட் கடைக் கிடங்கில் வேலை செய்பவள். கூட வேலை பார்க்கும் பையன் முதலாளியின் மகன் என்பது அவளுக்குப் பிற்பாடுதான் தெரிகிறது. இரண்டுமே இன்றும் அலுக்காமல் பார்க்கக்கூடிய படங்கள். ஆனால் இவற்றில் வறுமை கதாநாயகியை ஒன்றும் செய்வதில்லை. அவள் பசித்து நாம் பார்ப்பதில்லை. விருந்துக்குப் போக நல்ல உடுப்பு இல்லையென்றால், வேலைக்குப் போட்டுவரும் உடுப்பையே கத்தரித்து மாலை உடையாக்கிக்கொள்கிறாள் கிளாரா போ. ஏழ்மை அங்கே சாமர்த்தியத்தைக் காட்டக் கிடைத்த வாய்ப்பு, அவ்வளவுதான்.

முதல் உலகப் போருக்கு முன்னால் அமெரிக்காவில் கூலி, வேலைநிறுத்தம், தொழிற்சங்கம் பற்றியெல்லாம் ஏராளமான படங்கள் வந்தன. 1920களில் அவை அருகிப்போய், வர்க்க எல்லையைத் தாண்டும் காதல் கனவுகள் அந்த இடத்தைப் பிடித்தன என்று வரலாற்றாசிரியர் ஸ்டீவன் ராஸ் விரிவாகக் காட்டியிருக்கிறார். தொழிலாளியும் முதலாளியும் மோதிய கதை, அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் கல்யாணம் செய்துகொள்ளும் கதையாக மாறியது. இந்த மாற்றம் நடந்துகொண்டிருந்த காலத்தில், 1921இல், லோயிஸ் வெபர் எடுத்த ‘தி பிளாட்’ வெளிவந்தது. கறை என்று பொருள்படும் தலைப்பு. கதைச் சட்டகம் அதே பழைய சட்டகம்தான். பணக்கார வீட்டுப் பையன், வறிய வீட்டுப் பெண். ஆனால் காதலை முன்னால் நடக்கவிட்டு, அதன் பின்னால் வறுமையை இவ்வளவு அருகில் போய்ப் பார்த்த படம் அந்தக் காலத்தில் வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

கிரிக்ஸ் ஒரு கல்லூரிப் பேராசிரியர். வகுப்பில் இருப்பவர்கள் பெரும்பாலும் வசதியான வீட்டுப் பிள்ளைகள். அவர் பாடம் நடத்துவார், அவர்கள் சேட்டை செய்வார்கள். சேட்டைக்காரர்களில் முதல்வன் ஃபில் வெஸ்ட், கல்லூரி அறங்காவலர் குழுவில் செல்வாக்குள்ள ஒருவரின் மகன். பேராசிரியரின் மகள் அமீலியா பொது நூலகத்தில் வேலை பார்க்கிறாள். புத்தகம் எடுக்கிற சாக்கில் ஃபில் அங்கே வந்து நிற்கிறான். அவள்மீது ஆசை வைத்திருப்பவன் அவன் ஒருவன் மட்டுமல்ல. கேட்ஸ் என்ற இளம் போதகருக்கும் அவளைப் பிடிக்கும். அவருடைய நிலைமை பேராசிரியருடையதைவிடக் கீழே. பக்கத்து வீட்டு ஓல்சன் குடும்பத்தின் மூத்த மகனுக்கும் அவள்மேல் ஒரு கண். ஓல்சன் வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர், காலணி செய்கிற தொழில். அந்த வீட்டில் கையில் காசு இருக்கிறது, சமையலறையில் எப்போதும் ஏதாவது வெந்துகொண்டிருக்கிறது. ஆக, ஒரு பெண்ணை மூன்று பேர் விரும்புகிறார்கள். மூவரும் மூன்று வெவ்வேறு படிக்கட்டுகளில் நிற்பவர்கள். பரம்பரைப் பணம், உழைத்துச் சேர்த்த புதுப் பணம், படிப்பு மட்டும் இருந்து பணம் இல்லாத நிலை. பெரும்பாலான காதல் படங்கள் மேலே, கீழே என்று இரண்டே தளங்களோடு நிறுத்திக்கொள்ளும். வெபர் நடுவில் இன்னொன்றை நிறுத்தியதால்தான் இந்தக் கதைக்குக் கனம் கூடியது.

வெபரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1879இல் பென்சில்வேனியாவின் அலகெனி நகரில் பிறந்தவர். இளம் வயதில் பியானோக் கலைஞர். கிறிஸ்தவ ஊழியக் குழு ஒன்றில் சேர்ந்து, நகரத்தின் நலிந்த தெருக்களில் பாடிப் பிரசங்கம் செய்தவர். பிறகு நாடகம், பிறகு சினிமா. 1914இல் கணவர் ஃபிலிப்ஸ் ஸ்மாலியுடன் சேர்ந்து எடுத்த ‘வெனிஸ் வணிகன்’ மூலம், முழுநீளப் படம் இயக்கிய முதல் அமெரிக்கப் பெண் என்ற இடம் அவருக்குக் கிடைத்தது. யுனிவர்சல் நிறுவனத்தின் முன்னணி இயக்குநர்களில் ஒருவராக இருந்தார். மரண தண்டனை, கருத்தடை, கருக்கலைப்பு என்று மற்றவர்கள் தொடத் தயங்கிய விஷயங்களை எல்லாம் படமாக்கினார். திரை அவருக்குப் பிரசங்க மேடையின் தொடர்ச்சி. அதை அவர் ஒளித்ததும் இல்லை.

1916இல் அவர் எடுத்த ‘ஷூஸ்’ இங்கே முக்கியம். மலிவு விலைக் கடையில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் காலணி கிழிந்துபோகிறது. சம்பளத்தை வீடு விழுங்கிவிடுகிறது. மழையில் நனைந்து அட்டையாய் நைந்துபோன அந்தக் காலணிக்குப் பதிலாகப் புதியது வாங்க அவள் கடைசியில் தன் உடலையே விலையாகக் கொடுக்கிறாள். ஐந்து ஆண்டு கழித்து எடுத்த ‘தி பிளாட்’ படத்தில் அந்தக் காலணி மறுபடி வருகிறது. இந்த முறை காலணி செய்கிறவர் வீட்டில் செழிப்பு, அடுத்த வீட்டில் படித்தவர்களின் தேய்ந்த காலணி. ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அதன் வழியே ஒரு குடும்பத்தின் பொருளாதாரம் முழுவதையும் சொல்லிவிடும் திறமை வெபருக்கு இருந்தது.

வசன அட்டைகள் குறைவாகவும் பொருள்கள் அதிகமாகவும் பேசும் படம் இது. ஃபில் முதன்முதலாக கிரிக்ஸ் வீட்டு முன்னறைக்குள் வரும்போது திருமதி கிரிக்ஸின் கண்கள் அறையைச் சுற்றி ஓடுகின்றன. கேமரா அந்தக் கண்களோடு போகிறது. கம்பளத்தில் நூல் தெரியத் தேய்ந்த இடம், நாற்காலி உறையின் கிழிசல். அவள் இவற்றை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருப்பவள்தான். இப்போது வேறொருவன் பார்ப்பானே என்ற பதைப்பில் புதிதாகப் பார்க்கிறாள். சற்று நேரத்தில் ஃபில்லும் பார்க்கத் தொடங்குகிறான். காதலிக்கும் பெண்ணின் முகத்தை மட்டும் கண்டுகொண்டிருந்தவன் அவள் கையுறையின் தையல் விட்ட இடத்தை, அவள் அப்பாவின் கோட்டை, போதகரின் காலணியைக் காணப் பழகுகிறான். இந்தப் படத்தில் காதல் வளர்வதன் அடையாளம் முத்தமோ கடிதமோ அல்ல, அவன் பார்வை கூர்மையாவதுதான். என் கணிப்பில் வெபரின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு இது. வர்க்க வேறுபாடு என்பது யாருக்கு எது கண்ணில் படுகிறது, எது படாமலே போகிறது என்பதில் இருக்கிறது என்று அவர் கேமராவை வைத்த இடத்தாலேயே சொல்லிவிடுகிறார்.

இதற்கு அவர் படமெடுத்த முறை கைகொடுத்தது. அரங்கம் போட்டு வீடுகளைக் கட்டாமல் உண்மையான வீடுகளுக்குள் போய், ஜன்னல் வழியே வரும் வெளிச்சத்தையும் பயன்படுத்திக்கொண்டு எடுத்தார். அந்த நாளைய படச்சுருளின் ஒளியுணர்வு குறைவு, விளக்குகளோ கனமானவை. அப்படியிருக்க, குடியிருக்கும் வீட்டின் நெருக்கடியான அறைக்குள் கேமராவைக் கொண்டுபோவது சாதாரண வேலையல்ல. பலனாக கிரிக்ஸ் வீட்டுக் கம்பளம் கலை இயக்குநர் தேய்த்துக் காட்டிய கம்பளமாகத் தோன்றுவதில்லை, ஆண்டுக்கணக்கில் கால் பட்டுத் தேய்ந்ததாகத் தோன்றுகிறது.

தேநீர்க் காட்சியைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. மகளைப் பார்க்க வந்திருக்கும் பணக்கார இளைஞனை வெறும் கையோடு அனுப்ப திருமதி கிரிக்ஸுக்கு மனம் வரவில்லை. அவனை உட்காரவைத்துவிட்டு, வீட்டு நிலைமைக்குக் கட்டுபடியாகாத தின்பண்டங்களை வாங்கிவந்து, இருப்பதிலேயே நல்ல பாத்திரங்களை எடுத்துவைத்துத் தட்டை அலங்கரிக்கிறாள். தட்டோடு முன்னறைக்கு வந்தால் ஃபில் கிளம்பிப் போயிருக்கிறான். அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் போதகர் கேட்ஸ் இருக்கிறார். நல்ல மனிதர், பாவம், பசியோடும் இருக்கக்கூடியவர். ஆனால் அவருக்காக அல்ல அந்தச் செலவு. மார்கரெட் மெக்வேட் என்ற நடிகை அந்த ஏமாற்றத்தைக் காட்டும் விதம் அசாதாரணமானது. கையை விரிக்கவில்லை, நெஞ்சைப் பிடிக்கவில்லை. தட்டைப் பிடித்திருக்கும் கைகளில் சிறு தயக்கம், அவ்வளவுதான். விருந்தினரைத் தரம் பிரித்துப் பார்க்க வைத்துவிட்டதே இந்த இல்லாமை என்ற வெட்கமும் அந்த முகத்தில் இருக்கிறது. மௌனப்பட நடிப்பு என்றால் மிகை என்று நினைப்பவர்களுக்கு நான் காட்ட விரும்பும் முதல் காட்சி இது.

மழைக் குளிரும் சத்தில்லாத சாப்பாடும் சேர்ந்து அமீலியாவைப் படுக்கையில் தள்ளுகின்றன. மருத்துவர் மருந்தைவிட நல்ல உணவுதான் தேவை என்கிறார். கோழி வாங்கக் கடைக்குப் போகிறாள் தாய். கடன் கிடையாது என்கிறான் கடைக்காரன். திரும்பி வந்தால், அடுத்த வீட்டுச் சமையலறை ஜன்னலில் கோழி இருக்கிறது. நடுவில் இருப்பது ஒரு வேலி. அவள் போகிறாள், எடுக்கிறாள். எடுத்த கை அதை வைத்துக்கொள்ள மறுக்கிறது. திரும்ப வைத்துவிட்டு வருகிறாள். ஆனால் மேலே ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மகள் தாய் எடுத்ததைத்தான் பார்த்தாள், வைத்ததைப் பார்க்கவில்லை. அன்றே ஃபில் அனுப்பிய கூடையில் கோழியும் இருக்கிறது. தாய் அதைச் சமைத்து ஆசையாகக் கொண்டுவரும்போது மகள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

இந்தக் காட்சித் தொடர் முழுவதும் பார்வைகளால் கட்டப்பட்டது. தாய் ஜன்னலைப் பார்க்கிறாள், மகள் தாயைப் பார்க்கிறாள், நாம் இருவரையும் பார்க்கிறோம். நமக்குத் தெரிந்தது மகளுக்குத் தெரியாது. காதலன் அனுப்பிய அன்பு காதலி கண்ணில் திருட்டாகத் தெரிகிறது. பணக்காரனுக்குக் கூடை அனுப்புவது ஒரு நிமிட வேலை. அது போய்ச் சேரும் வீட்டில் என்னென்ன நடந்து முடிந்திருக்கிறது என்பது அவனுக்குத் தெரிய வழியில்லை. வர்க்கம் கடந்த காதலின் சிக்கல் மாமனார் மாமியாரின் மறுப்பில் இருப்பதாகவே எண்ணற்ற படங்கள் சொல்லிவந்தன. வெபர் அதைச் சாப்பாட்டுத் தட்டில் வைத்துக் காட்டினார்.

படித்தவர்களின் இந்த வறுமை வெபரின் கற்பனையல்ல. அமெரிக்காவில் 1914க்கும் 1920க்கும் இடையில் நுகர்வோர் விலைகள் ஏறத்தாழ இரட்டிப்பாயின. ஆலைகளில் போர்க்கால ஆள்பற்றாக்குறையால் கூலி உயர்ந்தது. உயராத இடத்தில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1919இல் எஃகு ஆலைகளிலிருந்து பாஸ்டன் காவலர்கள் வரை அது பரவியது. ஆசிரியர்களும் போதகர்களும் பழைய நிலைச் சம்பளத்தில் மாட்டிக்கொண்டார்கள். சம்பளம் குறையவில்லை, ஆனால் அதைக் கொண்டு வாங்க முடிந்தது கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது. அன்று பரவலாக வாசிக்கப்பட்ட ‘லிட்டரரி டைஜஸ்ட்’ வார இதழ் கல்லூரி ஆசிரியர்களின் வறுமையைப் பற்றி எழுதியது. அந்த இதழின் பக்கத்தையே வெபர் படத்துக்குள் கொண்டுவந்தார். ஃபில் தன் தந்தையிடம் வாதாடும்போது அச்சடித்த அந்தச் சான்றைக் காட்டுகிறான். அறிவைக் கொடுப்பவர்களுக்கு வயிற்றுக்குக்கூடக் கொடுக்காத நாகரிகத்தின் கறை என்பதே தலைப்பின் பொருள்.

இங்கேதான் படத்தோடு எனக்கு ஒரு சண்டையும் இருக்கிறது. கிரிக்ஸ் குடும்பத்தின்மீது வெபர் காட்டும் பரிவு ஓல்சன் குடும்பத்தின்மீது ஆரம்பத்தில் இல்லை. அவர்கள் உருண்டு திரண்டவர்கள், சத்தமானவர்கள், நயமற்றவர்கள். கிரிக்ஸ் வீட்டுப் பூனை தங்கள் குப்பைத் தொட்டியை நாடி வருவதைக்கூட ஓல்சனின் மனைவிக்குப் பொறுக்கவில்லை. கைத்தொழில் செய்யும் வெளிநாட்டான் கொழுத்திருக்கிறான், நம் பேராசிரியர் பட்டினி கிடக்கிறார் என்ற மனக்குறை அந்த ஒப்பீட்டுக்குள் ஓடுகிறது. படம் வெளிவந்த அதே 1921இல், மே மாதம், அமெரிக்கா குடியேற்றத்துக்கு நாடுவாரி உச்சவரம்பு விதிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. 1910 கணக்கெடுப்பில் ஒரு நாட்டில் பிறந்தவர்கள் எத்தனை பேர் அமெரிக்காவில் இருந்தார்களோ, அதில் ஆண்டுக்கு 3 சதவீதத்துக்கு மேல் அந்த நாட்டிலிருந்து வரக்கூடாது என்றது அது. அந்தச் சட்டத்தை உண்டாக்கிய காற்று இந்தப் படத்துக்குள்ளும் வீசுகிறது. ஓல்சன் உழைத்துத்தானே சம்பாதித்தார்? அவர் வீட்டுக் கோழி யாரிடமிருந்தும் பறித்ததல்ல. பேராசிரியரின் சம்பளத்தைக் குறைவாக வைத்திருந்தது காலணிக்காரர் அல்ல, வெஸ்ட் போன்றவர்கள் உட்கார்ந்திருந்த அறங்காவலர் குழு. படம் இதை அறிந்தே இருக்கிறது. ஆனாலும் கோபத்தை அடுத்த வீட்டின் மேலேயே அதிக நேரம் நிறுத்திவைக்கிறது.

அதோடு விட்டிருந்தால் இந்தப் படத்தை நான் பொருட்படுத்தியிருக்க மாட்டேன். ஓல்சனின் மனைவியை வெபர் மாற்றி எழுதும் விதம் நேர்மையானது. உடம்பு தேறியதும் அமீலியா தன் சம்பளப் பணத்தோடு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறாள், கோழிக்கு விலை கொடுக்க. எதுவும் திருட்டுப் போகவில்லை என்று அவளுக்கு அங்கேதான் தெரியவருகிறது. பக்கத்து வீட்டில் பசி எவ்வளவு தூரம் போயிருந்தது என்பது ஓல்சனின் மனைவிக்கும் அப்போதுதான் உறைக்கிறது. அதுவரை திமிர் என்று அவள் நினைத்திருந்தது கூச்சம் என்று புரிகிறது. ஓல்சன் வீட்டைத் தாழ்வாகப் பார்த்தது தங்கள் தவறு என்று கிரிக்ஸ் வீடும் உணர்கிறது. படத்தில் உண்மையில் வர்க்கம் கடந்து கைகோர்ப்பவர்கள் காதலர்கள் மட்டுமல்ல. வேலியின் இரு பக்கமும் நின்ற இந்த இரண்டு தாய்மார்களும்தான். காதல் கதையைவிட இந்த உறவை நான் அதிகம் நம்புகிறேன்.

தீர்வு பலவீனமானது என்பதை மறைக்க வேண்டியதில்லை. மகன் தந்தையிடம் பேசுகிறான், தந்தை மனம் இளகுகிறார், சம்பளம் உயரும் என்ற நம்பிக்கை பிறக்கிறது. ஃபில்லின் நண்பர்கள் பேராசிரியரிடம் தனிப்பாடம் படிக்கக் காசு கொடுத்து வருகிறார்கள். சங்கமோ போராட்டமோ கிடையாது. கிரிக்ஸ் தனக்காக ஒரு வார்த்தை பேசுவதில்லை. பணக்காரனின் மனசாட்சியைத் தட்டினால் போதும் என்ற பிரசங்கியின் நம்பிக்கை இது. ஏழைப் பெண்ணைப் பணக்காரனோடு சேர்த்துவைத்துப் பிரச்சினை தீர்ந்தது என்று சொல்லும் படங்களிலிருந்து ஒரு அடி முன்னால் இருக்கிறது, அவ்வளவுதான் சொல்லலாம். இங்கே கல்யாணம் தீர்வல்ல, சம்பளம்தான் தீர்வு என்றாவது ஒப்புக்கொள்கிறது.

ஆனால் காதல் விஷயத்தில் வெபர் அப்படி எளிதாக முடித்துவிடவில்லை. எல்லோரும் கூடியிருக்கும் கடைசிக் காட்சியில் அமீலியா ஃபில்லின் பக்கம் சாய்ந்துவிட்டாள் என்று புரிகிறது. அப்போது போதகர் கேட்ஸ் விடைபெறுகிறார். அவரைப் பார்க்கும் அவள் பார்வை வழக்கமான வழியனுப்பும் பார்வையைவிட நீள்கிறது. அவர் தனியே நடந்து போவதோடு படம் முடிகிறது. அவள் யாரை விரும்பினாள்? தன்னைப்போலவே புத்தகமும் பசியும் தெரிந்தவரையா, அந்தப் பசியை இப்போதுதான் பார்க்கக் கற்றுக்கொண்டவனையா? வறுமை இல்லாதிருந்தால் அவள் முடிவு இதுவாகவே இருந்திருக்குமா? 1921இல் ஒரு வணிகப் படம் இந்தக் கேள்வியைத் திறந்தபடி விட்டுப்போனது பெரிய துணிச்சல். மகிழ்ச்சியான முடிவு என்று இதைச் சிலர் வகைப்படுத்துவதை என்னால் ஏற்க முடிவதில்லை.

அமீலியாவாக நடித்த கிளேர் வின்சர் வெபர் அறிமுகப்படுத்தி வளர்த்த நடிகை. ஃபில்லாக நடித்த லூயிஸ் கல்ஹெர்னுக்கு இது தொடக்ககாலப் படங்களில் ஒன்று. பேசும்பட யுகத்தில் ‘தி அஸ்பால்ட் ஜங்கிள்’ படத்தின் நேர்மை கெட்ட வழக்கறிஞராக அவரைப் பார்த்தவர்களுக்கு, இங்கே அந்த மெலிந்த இளைஞனின் முகம் ஆச்சரியமாக இருக்கும்.

வெபருக்கு இந்தப் படம் நல்ல காலத்தைக் கொண்டுவரவில்லை. தன் சொந்த நிறுவனத்தில் எடுத்த படங்களைப் பாரமவுண்ட் வழியாக வெளியிட அவர் ஒப்பந்தம் செய்திருந்தார். அந்த ஏற்பாடு நடுவிலேயே முறிந்தது. ‘தி பிளாட்’ எஃப். பி. வாரன் என்ற சிறு வினியோக நிறுவனத்தின் மூலம் வெளிவந்தது. பெரிய திரையரங்குகளெல்லாம் ஒரு சில நிறுவனங்களின் கைக்குள் போய்க்கொண்டிருந்த நேரம் அது. படம் நன்றாக இருப்பது மட்டும் போதாது, யார் கையால் வருகிறது என்பதே அதன் விதியைத் தீர்மானித்தது. 1922இல் திருமணமும் முறிந்தது. ஜாஸ் காலத்துப் பார்வையாளர்களுக்கு அறநெறி பேசும் வெபர் பழையவராகத் தெரிந்தார். நீண்ட காலம் மறக்கப்பட்டிருந்த ‘தி பிளாட்’ 1980களில் கெவின் பிரவுன்லோவும் டேவிட் கில்லும் செய்த மறுசீரமைப்பால் மீண்டும் புழக்கத்துக்கு வந்தது. திரைப்பட வரலாற்றாய்வாளர் ஷெல்லி ஸ்டாம்ப் 2015இல் வெளியிட்ட நூல் வெபரின் இடத்தை ஆதாரங்களோடு நிலைநிறுத்தியது.

கடைசியாக வெபர் இயக்கியது ஒரு பேசும் படம், 1934இல் வந்த ‘ஒயிட் ஹீட்’. ஹவாயின் கவாய் தீவில், கரும்புத் தோட்டத்தில் எடுக்கப்பட்டது. தோட்டத்தில் அதிகாரம் செய்யும் வெள்ளையன், அவனை நேசிக்கும் அந்த மண்ணின் பெண், அவன் மணந்துகொண்டு கூட்டிவரும் செல்வந்தர் வீட்டுப் பெண் என்ற மூவருக்கிடையிலான கதை. அந்த மனைவியாக நடித்தவர் வர்ஜினியா செரில், சாப்ளினின் ‘சிட்டி லைட்ஸ்’ படத்தில் பார்வையற்ற பூக்காரியாக வந்தவர். எல்லை கடந்த காதலை வெபர் மறுபடி ஒருமுறை கையில் எடுத்தார், இந்தத் தடவை வர்க்கத்தோடு நிறத்தையும் சேர்த்து. அதன் பிறகு அவருக்குப் படம் கிடைக்கவில்லை. 1939 நவம்பரில் இறந்தார். ‘ஒயிட் ஹீட்’ படத்தின் பிரதி எதுவும் இன்று இருப்பதாகத் தெரியவில்லை, அதனால் கிரிக்ஸ் வீட்டுக் கம்பளத்தைப் பார்த்த அந்தக் கண் கரும்புத் தோட்டத்தில் எதைக் கண்டது என்பதை அறிய நமக்கு வழியில்லை.